பதினாலாவது கதவு

"அழுதீங்களா, தலைவரே?"

லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார் பல் டாக்டரம்மா. அவருடைய கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"அழாம இருக்க முடியுமா, டாக்டர்?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அவர் அழவில்லை. நேற்று சனிக்கிழமை மாலை, கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாமே என்று சோபாவில் சாய்ந்தவர், காலையில் வாசல் மணி அடித்தபோதுதான் எழுந்தார். எட்டு மணிக்கு 'பதினாலாவது கதவு' தொடரின் கடைசிப் பாகம். அவர் டி.வி.யைப் போடக்கூட இல்லை.

ஒன்பது வருஷமாக ஓடும் விண்வெளித் தொடர். கப்பலில் பதிமூன்று கதவுகள் திறக்கும். பதினாலாவது மட்டும் திறக்கவே திறக்காது. உள்ளே என்ன என்ற ஒரே கேள்விதான், இந்தக் கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் கூடும் மன்றத்தைக் கட்டி வைத்திருந்தது.

மன்றத்துக்கு இரண்டே விதிகள். யாராவது கதையைச் சொல்லித் தொலைத்துவிடக்கூடாது என்பதால், சனிக்கிழமை மதியத்திலிருந்து கூட்டம் முடியும்வரை போனை அணைத்து வைக்க வேண்டும். இரண்டாவது, ஒரு பாகத்தைத் தவறவிட்டாலும் ஆள் வெளியே. இரண்டையும் போட்டவர் தலைவர்தான்.

மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு பாகத்தை விட்ட மருந்துக்கடைக்காரரின் பெயரை, இரண்டு மாதத்துக்கு முன்னால் மன்றத்து நோட்டில் ஸ்கேல் வைத்து நேராக அடித்தவரும் அவர்தான். இன்று குட்டு வெளிப்பட்டால் அதே ஸ்கேல் அவருக்கும் வரும். கடையையும் இந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

மூன்றாவது உறுப்பினரான லிஃப்ட் மெக்கானிக் உள்ளே வந்தார். நேற்றுப் போட்ட அதே யூனிஃபார்ம், நகக்கண் எல்லாம் கிரீஸ்.

"குளிக்கக்கூடத் தோணலை, தலைவரே. மனசு அங்கேயே நிக்குது."

"எனக்கும்தான் தம்பி. அந்தக் கதவு..." என்று தலைவர் நூல் விட்டுப் பார்த்தார்.

"ஆமா, அந்தக் கதவு" என்றார் டாக்டர்.

"கதவு..." என்று மெக்கானிக் பெருமூச்சு விட்டார்.

தலைவர் துணியை எடுத்து மெஷினைத் துடைத்தார்.

"திறந்தது சரின்னு நினைக்கிறீங்களா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

ஆக, திறந்துவிட்டது! தலைவருக்கு உயிர் வந்தது. "திறந்துதான் ஆகணும். உள்ளே இருந்தது யாருன்னு தெரிஞ்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது."

"யாரு?" மெக்கானிக் நிமிர்ந்தார். "உள்ளேதான் ஒண்ணுமே இல்லையே, தலைவரே?"

தலைவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "அதைத்தான் சொல்றேன். யாருமே இல்லைன்னு தெரிஞ்சப்போ."

"ஒண்ணுமே இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார் டாக்டர், கொஞ்சம் அவசரமாக. "அந்த நாற்காலி?"

"நாற்காலி இருந்துது. நாற்காலியைச் சேர்க்காமச் சொன்னேன்" என்றார் மெக்கானிக்.

"கேப்டன் அதுல போய் உட்கார்ந்தாங்களே..." தலைவர் வாயை விட்டுவிட்டார். இனி பின்வாங்க வழியில்லை.

"ஆமா" என்று டாக்டர் தலையாட்டினார். "கதவு தானா மூடிக்கிச்சு."

"உள்பக்கமா" என்றார் மெக்கானிக்.

ஒன்பது வருஷம் கப்பலை ஓட்டிய அந்த அம்மா, கடைசியில் ஒரு காலி அறையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். எப்பேர்ப்பட்ட முடிவு! இதைப் பார்க்காமல் குறட்டை விட்டிருக்கிறோமே என்று தலைவர் தன்னைத் தானே சபித்துக்கொண்டார். இந்தமுறை கண்ணீர் நிஜமாகவே வந்தது. பார்த்தால் டாக்டரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கிரீஸ் கையோடு முகத்தைத் துடைத்துக் கன்னத்தைக் கறுப்பாக்கிக்கொண்டார்.

டாக்டர் மன்றத்து நோட்டை எடுத்தார். 'கடைசிப் பாகம். பார்த்தோம். பத்துக்குப் பத்து.' மூவரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். நானூற்றுச் சொச்சம் கையெழுத்தில் தலைவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது. ஆனால் முத்து முத்தாக விழுந்தது.

நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது.

"மருந்துக்கடைக்காரர் குடுத்தது" என்றார் டாக்டர். "மறுபடியும் சேர்த்துக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கார். பாவம், குழந்தைக்குக் காய்ச்சல்னுதானே..."

"காய்ச்சல் வரும், போகும். விதின்னா விதிதான்" என்றார் தலைவர். இன்றைக்குப் பார்த்து இளகினால் சந்தேகம் வரும்.

"பார்க்காதவங்களோட உட்கார்ந்து என்னத்தைப் பேசறது?" என்றார் மெக்கானிக்.

"அதுவும் சரிதான்" என்று டாக்டர் கடிதத்தை மடித்தார்.

அப்போது கடை வாசலில் மணி ஒலித்தது. சாட்சாத் மருந்துக்கடைக்காரரேதான். பின்னறை வாசலுக்கு வந்தவர், உள்ளே கால் வைக்காமல் நின்றார்.

"மன்னிக்கணும் தலைவரே. நான் இங்கே வரக்கூடாதுன்னு தெரியும். உங்க போனெல்லாம் அணைஞ்சிருக்கும், யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க, அதான் ஓடி வந்தேன்" என்றார் மூச்சு வாங்க. "நேத்து நீங்களும் என்னை மாதிரியே எட்டு மணியிலேர்ந்து டி.வி. முன்னாடி உட்கார்ந்து ஏமாந்திருப்பீங்க. கடைசிப் பாகத்தை இன்னைக்கு ராத்திரிக்குத் தள்ளி வச்சுட்டாங்களாம்."