வெறும் கடல்நீர்

எங்கள் ஆய்வகத் தட்டில் வளரும் செல்கள்மேல் கடற்பஞ்சின் சாறு ஒரு சொட்டு பட்டால், அவற்றுக்குள் கால்சியம் ஏறும்; அதைக் காட்டும் சாயம் பச்சையாக ஒளிரும். ஒப்பிட்டுப் பார்க்கும் தட்டில் வெறும் கடல்நீர்தான் விடுவோம். அது இருண்டே கிடக்க வேண்டும்.

இன்று அது ஒளிர்ந்தது.

“கைதவறிச் சாற்றை விட்டிருப்பீங்கக்கா” என்று உதவிக்கு இருக்கும் பெண் தானே கடல்நீரை விட்டுப் பார்த்தாள். இருட்டு. நான் விட்டேன். பச்சை.

அந்தக் கடல்நீரைக் கேனில் பிடித்துப் படகில் ஏற்றியவர், கடலில் முங்கிப் பஞ்செடுக்கும் என் கணவர். “இன்னும் ஒரே முங்கு, வந்துடறேன்” என்று இறங்கினாராம். படகும் கேனும் மட்டும் வந்தன. வழி பார்த்து எனக்குக் கண் பூத்துப்போயிற்று.

“கேன் காலிக்கா. புதுசா பிடிக்க ஆள் அனுப்பட்டுமா?”

“வேணாம். நானே போறேன்.”

யாரும் ஒரு சொட்டும் விடாத அடுத்த தட்டு, நுண்ணோக்கியின் திரையில் மெல்ல ஒளிர்ந்தது.