கேட்டில் நின்ற புது ஆள்

"என் வேலைக்கு வேட்டு வச்சிட்டீங்களேம்மா!" என்றார் வாட்ச்மேன் தணிகாசலம், கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை கேட்டில் துப்பாக்கியோடு நின்ற ரோபோவை முறைத்தபடி.

"எதிரி யாருன்னு அதுவே கண்டுபுடிச்சிக்கும்ணே. இன்னிக்கு டெஸ்ட்ல பாஸாயிட்டா மொதல்ல இந்த கேட்டு, அப்புறம் பார்டரு," என்றாள் இன்ஜினியர் ஷஹனாஸ்.

சோதிக்க வந்திருந்த கர்னல் விசில் ஊதினார். எதிரியாக நடித்த சிப்பாய், கையில் துப்பாக்கியோடு வெள்ளை அம்பாசிடரில் வந்தான். ரோபோ விறைப்பாக சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிட்டது. கார் உள்ளே போயே போய்விட்டது.

கர்னலுக்குக் கோபம் தலைக்கேறியது. கையில் பையோடு விறுவிறுவென்று ரோபோவை நோக்கி நடந்தார். துப்பாக்கி அவர் நெஞ்சுக்கு நேராகத் திரும்பியது.

"யோவ், நில்லு! உள்ள இன்னா அவசரம்? டிபன் டப்பாவத் தொறந்து காட்டு!" என்றது ரோபோ.

கர்னல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கத்தினார்: "இதுக்கு யாரும்மா ட்ரெயினிங் குடுத்தது?"

"தானாவே பார்த்துக் கத்துக்கிற மெஷின் சார். ஆறு மாசமா இந்த கேட்டுலதான் நிக்குது..."

சொல்லிக்கொண்டே ஷஹனாஸ் மெல்லத் திரும்பினாள்.

காருக்கு அடித்த சல்யூட்டைத் தணிகாசலம் இன்னும் இறக்கவில்லை.