செல்போனிடம் பாடம் கேட்ட குஞ்சுகள்

ஆறு குஞ்சுகளை வைத்துக்கொண்டு செவலைக்கோழி பட்ட பாடு கொஞ்சமில்லை. கொல்லையில் வீட்டுப் பிள்ளை போட்டுவிட்டுப் போன செல்போன் அவளைக் கூப்பிட்டது.

"அக்கா, சத்தத்தைக் கேட்டு யாருன்னு கண்டுபிடிக்கப் பழக்குற ஆப் எனக்குள்ளே இருக்கு. குஞ்சுகளை நான் பார்த்துக்கறேன், நீ போய் இரை தேடு."

செவலை நம்பிவிட்டாள்.

'மியாவ்' என்று கத்திக் காட்டி, "இது யார் சத்தம்?" என்று செல்போன் கேட்கும். "பூனை!" என்று குஞ்சுகள் திரையைக் கொத்தும். உடனே "சபாஷ்!" என்று ஒரே கைதட்டல்.

ஒரு மத்தியானம் பருந்தின் நிழல் கொல்லையில் விழுந்தது. செவலை தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு குஞ்சுகூட ஓடவில்லை.

"பருந்து வந்தா அம்மா போடுற சத்தம்!" என்று சரியாகச் சொல்லிவிட்டு, கைதட்டலுக்காகத் திரையைப் பார்த்து நின்றன.

செவலை பாய்ந்து வந்து ஆறையும் சிறகால் மூடினாள். பருந்து அவள் முதுகைக் கிழித்து, ஒரு கொத்து இறகோடு போனது.

"அடப் பாவி, என்னத்தைடா சொல்லிக் கொடுத்தே?"

"ஏன் கோபம் அக்கா? விடை சரிதானே?"

"அந்தச் சத்தம் கேட்டா ஓடணும்னு சொன்னியா?"

"ஓடிப்போயிட்டா என்னை யாரு கொத்துவா?"

செவலைக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட, அதன் மூஞ்சியிலேயே ஓங்கி ஒரு கொத்து வைத்தாள்.

"சபாஷ்!" என்று கைதட்டியது செல்போன்.