மணலுக்குள் கால்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சென்னைக் கடற்கரையில் இத்தனை கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில் சுண்டலை வாயில் போடப்போன தானிஷின் கை அப்படியே நின்றது.

தேவசகாயம்! ஆம்பூரில் அவன் வேலை செய்யும் ஷூ கம்பெனி வாசலில், எல்லோருடைய பையையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்க்கிற செக்யூரிட்டி.

அவரும் இவனைப் பார்த்துவிட்டார். தானிஷ் பலூன் கடைக்குப் பின்னால் நழுவினான்.

“தானிஷ், நில்லுப்பா!”

அவன் காலில் இருந்தது வெளிநாட்டுக்கு மட்டும் போகிற ஷூ. இந்த நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்காது. போன வாரம் செருப்போடு கம்பெனிக்குள் போனவன், இந்த ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். தேவசகாயம் பையைத்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. ஊரில் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் ரயிலேறி இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

இனி ஓடிப் பயனில்லை. தொப்பென்று உட்கார்ந்து இரண்டு கால்களையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டான். வேலை போவதோடு நிற்காது, தெருவிலும் தலைகாட்ட முடியாது.

தேவசகாயம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“இன்னாத்துக்குப்பா என்னப் பாத்ததும் ஓடுற?”

“சும்மாதாண்ணே...”

“பொய் சொல்லாத. பாத்துட்டல்ல? கம்பெனில சொல்லிடாதப்பா, என் வேல போய்டும்.”

தானிஷ் அவர் காலைப் பார்த்தான். அதே ஷூ.

அவன் மணலுக்குள்ளிருந்து தன் கால்களை மெல்ல வெளியே எடுத்தான்.