புள்ளியில்லாத படம்

வெயிலுக்குப் பயந்து இருட்டிய பிறகுதான் கண்மாயைத் தூர்வாரினார்கள். பெண்கள் கரிசல் மண்ணைக் கூடை கூடையாகச் சுமக்க, பாசனச் சங்கத் தலைவர் சீனிராஜ் கரையில் புது மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

“போன தடவ இருட்டுல எடுத்த படம் பூரா புள்ளி புள்ளியா இருந்துச்சு. இந்தத் தடவ பளிச்சுனு வரணும்.”

“நெறைய படம் எடுத்து ஒண்ணாக் கலந்தா புள்ளி போயிரும், அண்ணாச்சி. நீங்க ஆடாம நிக்கணும். அது உங்களுக்குச் சிரமமில்ல,” என்றாள் கோவில்பட்டி ஸ்டுடியோக்காரி அஞ்சலின்.

கூடையோடு மிக்கேலம்மாள் சறுக்கி விழுந்தபோதும் அவர் குனியவில்லை. “ஏட்டி, படத்தக் கெடுக்காத!” என்றார். அஞ்சலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் படத்தை அவர் மேசையில் வைத்தாள். பல படங்களை ஒன்றாகக் கலக்கும்போது இடம் மாறுகிற எதுவும் படத்தில் தங்காது. புள்ளிகளோடு, நடமாடிய பெண்களும் மறைந்திருந்தார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்க அவளுக்குத் தெரியும், வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வேலை செய்யாமல் நின்றவர் யாரென்று ஊர் பார்க்கட்டும்.

திட்டுவார் என்று காத்திருந்தாள். சீனிராஜ் முகம் மலர்ந்தது.

“கெட்டிக்காரிலா நீ! நான் ஒத்தையில வெட்டுன மாதிரியே இருக்கு. இதையே பெரிய பேனராப் போட்டிரு!”

பேனர் பசுவந்தனை சாலை பிரியும் விலக்கில் ஏறியது. அதன் கீழே வெகுநேரம் அண்ணாந்து நின்ற மிக்கேலம்மாள், பஸ்ஸிலிருந்து இறங்கிய அஞ்சலினைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏட்டி, நாங்கல்லாம் எங்கன?”