சத்தமில்லாமல் ஓடுவது
மாலை வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கும் தறிக்கொட்டகையின் பக்கத்து அறையில், பிரவீணா மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று அவர்களுடைய சேலை இணையதளத்தில் மூன்று ஆர்டர்கள் தடமே இல்லாமல் தொலைந்துபோயின. இன்று, உள்ளே நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் நிரலை அதில் சேர்த்திருக்கிறாள். திரையில் வரிகள் மளமளவென்று கொட்டுகின்றன. கணவன் அருண்பாண்டியன் வாசலில் நின்று பூரித்துப் பார்க்கிறான். "பிழைகள் மட்டும்" என்று அவள் அமைப்பை மாற்றியதும் திரை அடங்குகிறது. தறி அடங்கினால் நூல் அறுந்துவிட்டது என்றே நினைத்துப் பழகியவன் பதறி உள்ளே வருகிறான். "நின்னுபோச்சா புள்ள?" "ஓடுது மாமா. கோளாறு வந்தாத்தான் வாயத் தொறக்கும்." நம்பாமல் குனிந்து, தறிக்கு வைப்பதுபோல் மடிக்கணினிக்குக் காது வைக்கிறான். வெறும் திரையைப் பார்த்தபடியே, அவன் காதோரத்தில் ஒட்டியிருந்த பஞ்சுத்தூசியை அவள் மெல்ல எடுக்கிறாள்.