தலை இடிக்கும் கூரை

"அந்தத் தூண் ஓரமா போய் நில்லு" என்றார் கணவர்.

மனைவி மறுபேச்சில்லாமல் போய் நின்றாள். அவர் பென்சிலை எடுத்து, அவள் உச்சந்தலைக்கு நேராகத் தூணில் ஒரு கோடு கிழித்தார். அடுத்து, கல்லூரியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு, முதல் கோட்டுக்குச் சற்று மேலே இன்னொரு கோடு விழுந்தது.

மரப்பட்டறைக்காரிக்குச் சுருக்கென்றது. மனுஷங்களையா இப்படி நிறுத்தி அளப்பது?

அது அவள் வடிவமைத்த சாப்பாட்டு மேஜை. எதிரெதிரே இரண்டு பெஞ்ச், ஆளுயரத்துக்கும் மேல் நீண்ட நான்கு பருத்த தூண்கள், அவற்றின் நடுவாக்கில் மரச்சட்டங்களை அடுக்கடுக்காக வேய்ந்த ஒரு தாழ்ந்த கூரை. ஆப்பிரிக்காவில் சில ஊர்களில் பெரியவர்கள் கூடிப் பேசும் கொட்டகை அப்படித்தான் இருக்குமாம். உள்ளே உட்காரத்தான் முடியும். பேச்சு முற்றி எவராவது துள்ளி எழுந்தால் தலை இடிக்கும். முதல் நாளே இதை அவரிடம் விளக்கியிருந்தாள். நிச்சயம் இடிக்குமா என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு, இப்போது கூரையின் உயரத்தை மாற்றச் சொல்கிறார்.

அவர்கள் பட்டறைக்கு வந்ததிலிருந்தே அவள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவர் தொண்டையைச் செருமினாலே தாயும் மகளும் ஒட்டிக்கொள்கிறார்கள். மனைவியின் காதோரம் ஆறிவரும் ஒரு காயம்.

அவர்களைவிட ஒரு சாண் உயரமான அவர் குனிந்து உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரும் சமமா உட்காரணும்னுதான் சார் இந்தக் கூரை. யார் எழலாம், யார் எழக்கூடாதுன்னு ஒருத்தர் முடிவு பண்றதுக்கு இல்ல. உங்களுக்கு இதைக் கொடுக்கவே எனக்கு மனசு வரல."



அவர் முகம் சிவந்தது. விருட்டென்று எழுந்தார். மடாரென்று கூரையில் தலை மோதியது. தாயும் மகளும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

தலையைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். 

"அந்த மேல் கோட்டுக்கு நாலு விரல் மேல கூரை நிக்கட்டும் மேடம்" என்றார், தலை நிமிராமல். "அவங்க ரெண்டு பேரும் எப்ப வேணா எழுந்து போகலாம். எழுந்திரிக்கக் கூடாதது நான் மட்டும்தான்."